ஆப்பிரிக்க ஊர் மன்றங்களில் பெண்ணுக்குச் சொத்து உண்டா?

"ஆப்பிரிக்காவில் ஊர்த்தலைவர்கள் நடத்தும் வழக்காற்று நீதிமன்றங்களில் பெண்களுக்குச் சொத்துரிமையே கிடையாது என்கிறார்களே, உண்மையா? உண்மை என்றால் அரசாங்கங்கள் ஏன் அவற்றை இழுத்து மூடவில்லை? அந்த மன்றங்களுக்குள்ளேயே ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஆப்பிரிக்கா என்று ஒரே பெயரில் சொன்னாலும் அங்கே 54 நாடுகள் இருக்கின்றன, ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பல இனக்குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வழக்கம். கானாவின் அகான் மக்களிடம் ஒருவர் இறந்தால் அவர் சொத்து சொந்தப் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போனது, நம் பக்கத்தில் மருமக்கள்தாயம் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. மலாவியின் தென்பகுதியில் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளைதான் பெண் ஊருக்குக் குடிவருகிறான். போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, கென்யா, தென் ஆப்பிரிக்கா போன்ற நாடுகளில் பெரும்பாலும் தந்தைவழி. அதனால் "கிடையாது" என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. நான் தீர்ப்புகளைப் படித்து நன்றாக அறிந்தவை தெற்கிலும் கிழக்கிலும் உள்ள நாடுகள், அவற்றை வைத்தே பேசுகிறேன்.

வருடக்கணக்காக இந்த வழக்குகளைப் படித்ததில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஒன்று: பெண்ணுக்கு எதிராக மன்றத்தில் எடுத்துச் சொல்லப்படும் வழக்கம் பெரும்பாலும் வழக்கத்தில் பாதிதான். மற்றப் பாதியைச் சொல்ல வேண்டியவர் அங்கே உட்கார்ந்திருக்கும் பெண். அவரைப் பேச விடுவதில்லை.

இதற்கு எடித் முசி என்ற மூதாட்டியின் வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. போட்ஸ்வானாவின் தெற்கே கன்யே என்ற ஊர், ங்வாகெட்சே இனத்தவரின் தலைநகர். எடித்தும் அவருடைய மூன்று சகோதரிகளும் வழக்கு நடந்தபோது 65 வயதைக் கடந்தவர்கள், எடித்துக்கு 80. சண்டை அவர்களுடைய அப்பாவின் வீட்டைப் பற்றியது. அந்த வீட்டில் எடித் குடியிருந்தார், சகோதரிகள் தங்கள் கைக்காசைப் போட்டு அதைப் பராமரித்து வந்தார்கள். அப்படியிருக்க, அப்பாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த மகனின் மகன், அதாவது எடித்தின் வேறு தாய் வயிற்று அண்ணனின் மகன், "வீடு எனக்குத்தான், காலி செய்யுங்கள்" என்று வந்து நின்றார். அவர் சொன்ன வழக்கம் இது: குடும்ப வீடு கடைசி மகனுக்குப் போகும். கடைசி மகன், அதாவது எடித்தின் தம்பி, தன் பங்கை அந்த வேறு தாய் வயிற்று அண்ணனோடு மாற்றிக்கொண்டார், அந்த அண்ணன் இறந்ததால் இப்போது அது அவர் மகனுக்கு. இந்தக் கணக்கு முழுவதிலும் ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்குள் இருப்பதே பெண்கள், ஆனால் வீடு கைமாறுவது முழுக்க ஆண்களுக்கு இடையில்.

வழக்கு கீழ் வழக்காற்று மன்றத்துக்குப் போனது, அங்கே பையன் பக்கம் தீர்ப்பு. மேல் வழக்காற்று மன்றம் "எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது" என்று மாற்றிச் சொன்னது. இதைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் முக்கியம்: ஊர்த்தலைவர் நடத்தும் அதே மரபு மன்றத்தில், அதே வழக்கத்தின் பெயரால், பெண்களுக்கும் பங்கு உண்டு என்று ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டது. பிறகு வழக்காற்று மேல்முறையீட்டு மன்றம் அதைத் திருப்பி மறுபடியும் பையனுக்கே கொடுத்தது. அப்புறம்தான் எடித்தும் சகோதரிகளும் அரசின் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012 அக்டோபர் 12 அன்று நீதிபதி கீ டிங்காகே, ஆண் என்பதற்காகவே ஒருவருக்கு வீட்டைக் கொடுக்கும் விதி அரசமைப்பின் சமத்துவ உறுதிக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். நாட்டு மக்கள் இப்படி ஒரு மாற்றத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று அரசுத் தரப்பு வாதாடியதையும் அவர் ஏற்கவில்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. 2013 செப்டம்பர் 3 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் எடித்துக்கே வீட்டைக் கொடுத்தது, ஆனால் வேறு வழியில். அரசமைப்புக் கேள்விக்குள் போகாமல், "ங்வாகெட்சே வழக்கம் உண்மையில் என்ன?" என்று கேட்டது. கடைசி மகனுக்கு ஏன் வீடு போனது? அவன்தான் கடைசிவரை வீட்டில் தங்கி வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வான், அதற்காக. பெற்றோரைப் பார்த்துக்கொண்டதும் வீட்டைக் காப்பாற்றியதும் மகள்கள் என்றால் அவர்களை வெளியே தள்ளச் சொல்லும் வழக்கம் எது? காலத்தோடு நகர்வதுதான் வழக்கத்தின் இயல்பு, அந்த நிலையில் பெண்ணுக்கு வாரிசுரிமை கிடையாது என்று அது இன்றைக்குச் சொல்வதாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். மொத்தம் ஐந்து மன்றங்கள். 80 வயதில் ஒருவர் தன் வீட்டில் குடியிருப்பதற்கு ஐந்து மன்றங்கள் ஏறி இறங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

போட்ஸ்வானாவின் ட்ஸ்வானா மக்கள் கூடி வழக்குப் பேசும் இடத்துக்குக் கோட்லா என்று பெயர். அரைவட்டமாக மரக்கம்புகள் நட்ட திறந்தவெளி, நடுவில் தலைவர், சுற்றிலும் ஊரார். அங்கே யாரும் பேசலாம், தவறாகப் பேசுபவனையும் பேச விட வேண்டும், அவன் பேசினால்தான் நல்ல பேச்சு வெளியே வரும் என்று அவர்கள் மொழியில் ஒரு பழமொழியே உண்டு. தலைவன் தலைவனாக இருப்பது மக்களால்தான் என்று இன்னொன்று. அருமையான பேச்சு மரபு. ஆனால் அந்த "யாரும்" என்பதில் பழைய நாளில் பெண்கள் சேரவில்லை. பெண்ணின் வழக்கை அவளுடைய அப்பாவோ அண்ணனோ கணவனோ எடுத்துச் சொல்வார். பசு முன்னே போனால் மந்தை பள்ளத்தில் விழும் என்ற பொருளில் இன்னொரு பழமொழியும் அதே மொழியில் இருக்கிறது. சொத்துத் தகராறில் எதிர்க்கட்சியே அந்த அண்ணன்தான் என்றால், பெண்ணுக்காக யார் பேசுவது?

தென் ஆப்பிரிக்கக் கிராமங்கள் சிலவற்றில் இது இன்னும் கடுமையாக இருந்தது. கணவனை இழந்தவர் துக்க உடை உடுத்தியிருக்கும் மாதங்களில் பொது இடத்துக்கு, மன்றத்துக்கு, வரக்கூடாது. பங்காளிகள் வந்து மாட்டையும் நிலத்தையும் கேட்பது அதே மாதங்களில்தான். அவருக்குப் பதிலாக மன்றத்தில் நிற்பவர் பெரும்பாலும் கொழுந்தனோ மாமனாரோ.

சரி, "வழக்கத்தின் மற்றப் பாதி" என்றேனே, அது என்ன?

ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தைவழிச் சமூகம், பரிசம் கொடுத்துத்தான் பெண் எடுப்பார்கள். அங்கே மகளுக்குக் கல்யாணம் ஆகும்போது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அம்மாவுக்கென்று தனியாக ஒரு பசு கொடுக்க வேண்டும். "தாய்மைப் பசு" என்று அதற்குப் பொருள்படும் பெயர். அந்தப் பசுவும் அதன் கன்றுகளும் அம்மாவுக்கே சொந்தம், கணவன் தொட முடியாது, அம்மா இறந்தால் அவள் பிறந்த வீட்டாருக்குப் போகும். அதே போல, பானை வனைந்தோ பிரசவம் பார்த்தோ ஒரு பெண் தன் கையால் சம்பாதித்தது அவளுடையது, அதற்கும் "கைச்சொத்து" என்ற பொருளில் தனிப்பெயர் உண்டு. தெற்கில் பல இனங்களில், பலதார வீடுகளில், ஒவ்வொரு மனைவியின் வீட்டுக்கும் தனிச் சொத்து. ஒரு வீட்டு மாட்டை எடுத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் கணவன் அந்த வீட்டு மனைவியைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பெண்ணுக்குச் சொத்தே கிடையாது என்பவர்கள் இவற்றை எல்லாம் விட்டுவிடுகிறார்கள்.

ஆண் வாரிசு என்பதற்கும் ஒரு சுமை இருந்தது. வாரிசாக வருபவன் இறந்தவரின் இடத்தில் உட்காருகிறான். மாட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது. விதவைக்குச் சோறு, பிள்ளைகளுக்கு உடை, கல்யாணம் ஆகாத பெண்களின் பொறுப்பு, இறந்தவரின் கடன், எல்லாம் அவன் தலையில். சொத்து அவன் பெயரில் இருந்தாலும் அது அந்தக் குடும்பத்தைத் தாங்கத்தான். இதை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. விதவையைக் கணவனின் தம்பியே மனைவியாக எடுத்துக்கொள்வதும் இதே ஏற்பாட்டில் இருந்தது, அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று எத்தனை இடத்தில் கேட்டிருப்பார்கள்? ஆனாலும் உரிமையும் கடமையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

அந்தக் கயிற்றை அறுத்தது எது என்பதற்குப் பல காரணங்கள்: சுரங்கக் கூலி, நகரம், பத்திரம் போட்ட வீடு, வங்கிக் கணக்கு. பெரிய காரணம் எழுத்து. ஆங்கிலேய அதிகாரிகள் "உங்கள் வழக்கம் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். யாரிடம் கேட்டார்கள்? தலைவர்களிடம், வயதான ஆண்களிடம். சூழ்நிலையைப் பார்த்துப் பேசி முடிவெடுக்கும் நெகிழ்வான ஏற்பாடு அதிகாரியின் நோட்டில் ஏறும்போது விதியாக இறுகிப்போனது. தென் ஆப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் 1891-இல் சட்டமாக வந்த வழக்கத் தொகுப்பு, பெண்ணை வயது எத்தனை ஆனாலும் ஆணின் பொறுப்பில் இருக்கும் மைனர் என்று வைத்தது. 1927-இன் கறுப்பர் நிர்வாகச் சட்டம் இதே போக்கை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. சுதந்திரம் வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. தான்சானியா 1963-இல் தன் கையாலேயே வழக்கங்களைத் தொகுத்து அரசாணையாக வெளியிட்டது: மூத்த மகன் முதல் நிலை வாரிசு, மற்ற மகன்கள் இரண்டாம் நிலை, மகள்கள் மூத்தவர்களாகவே இருந்தாலும் மூன்றாம் நிலை, விதவைக்குப் பங்கே இல்லை, பிள்ளைகள் அவளைப் பார்த்துக்கொள்வார்கள். இப்படி வரிசை எண் போட்டு எழுதிய பிறகு மன்றத்தில் பேசித் தீர்க்க என்ன மிச்சம்?

இங்கே நம்மோடு ஒரு தொடர்பு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஊர் வழக்கம் "நீதி, நேர்மை, நல்ல மனசாட்சி" ஆகியவற்றுக்கு முரணாக இருந்தால் செல்லாது என்று ஆப்பிரிக்கக் காலனிகளின் சட்டங்களில் ஒரு வாசகம் வரும். 1876-இன் கோல்ட் கோஸ்ட் சட்டத்தில், அதாவது இன்றைய கானாவில், அது இருக்கிறது. அந்த வாசகம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி நீதிமன்றங்களில் புழங்க ஆரம்பித்து, பிறகு அங்கே போனது. நல்ல வாசகம்தான். ஆனால் யாருடைய மனசாட்சி? மகளுக்குப் பங்கில்லை என்பது அந்த நாளைய ஆங்கிலேய நீதிபதியின் மனசாட்சியைக் குத்தவில்லை, ஏனென்றால் இங்கிலாந்திலேயே நிலம் மூத்த மகனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த அடி அரசமைப்பிலேயே விழுந்தது. ஆங்கிலேயர் விட்டுப்போகும்போது எழுதப்பட்ட அரசமைப்புகள் பலவற்றில் பாகுபாடு கூடாது என்று ஒரு பிரிவு வரும். உடனே கீழேயே "திருமணம், மணமுறிவு, இறந்தவர் சொத்து இவற்றுக்கு இது பொருந்தாது" என்று ஒரு விலக்கும் வரும். போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, கென்யா, சாம்பியா எல்லாவற்றிலும் இருந்தது. பெண்ணுக்குப் பாகுபாடு நடக்கும் இடமே அந்த மூன்றும்தான்.

இந்த விலக்கு என்ன செய்யும் என்பதற்கு ஜிம்பாப்வேயின் வேனியா மகாயா வழக்கு சாட்சி. 58 வயதுத் தையல்காரர், அப்பாவின் மூத்த மகள். அப்பா 1990-இல் இறந்தார். மகன்களில் மூத்தவர் தன்னால் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று விலகியதால், உள்ளூர்ச் சமுதாய நீதிமன்றம் முதலில் வேனியாவையே வாரிசாக அறிவித்தது. மறுபடியும் கவனியுங்கள், உள்ளூரில் முதல் கை அவருக்குத்தான் நீண்டது! பிறகு இரண்டாம் மனைவியின் மகன் வந்து தனக்குத் தகவலே தரவில்லை என்று ஆட்சேபித்தார். மறு விசாரணையில், ஆண் இருக்கும்போது பெண்ணை வாரிசாக்க முடியாது என்று அதே நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. அந்த மகன் வேனியாவை வீட்டைவிட்டு வெளியேற்றினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1999-இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்த்தார்கள். அரசமைப்பின் விலக்கைக் காட்டினார்கள், கல்யாணமாகி வேறு குடும்பத்துக்குப் போகும் பெண் பிறந்த குடும்பத்தைத் தாங்க முடியாது என்ற பழைய காரணத்தையும் காட்டினார்கள். வழக்கின் தொடக்கமே, தாங்க முடியாது என்று ஒரு ஆண் விலகியதுதான். அந்தக் காரணம் உண்மையாகவே வழக்கத்தின் அடிப்படை என்றால், யார் தாங்கினார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். போட்ஸ்வானா நீதிமன்றம் 14 வருடம் கழித்துக் கேட்ட கேள்வி அதுதான். ஜிம்பாப்வேயில் 1997-லேயே சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள், ஆனால் அது அந்த வருடம் நவம்பர் 1-க்குப் பிறகு இறந்தவர்களின் சொத்துக்கு மட்டும். வேனியாவின் அப்பா ஏழு வருடம் முன்னால் இறந்துவிட்டார். 2013-இன் புதிய அரசமைப்பில்தான் அந்த விலக்கு போனது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வழக்கு. தான்சானியாவின் வடமேற்கில், விக்டோரியா ஏரிக்கரையில், வாழைத்தோட்டங்கள் நிறைந்த ஹாயா மக்களின் பகுதி. ஹோலாரியா பாஸ்டரி என்ற பெண்ணுக்கு அவர் அப்பா உயில் எழுதி, குல நிலத்தைக் கொடுத்திருந்தார். வயதாகி, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நிலையில், 1988 ஆகஸ்ட் 24 அன்று அதை 3,00,000 ஷில்லிங்குக்கு விற்றார், வாங்கியவர் குலத்தைச் சேராதவர். மறுநாளே அண்ணன் மகன் வழக்குப் போட்டார்: குல நிலத்தைப் பெண் அனுபவிக்கலாம், விற்கக்கூடாது. எழுதிவைத்த ஹாயா விதி அப்படியேதான் சொல்கிறது. அடிநிலை நீதிமன்றம் விற்பனை செல்லாது என்றது, மாவட்ட நீதிமன்றம் செல்லும் என்றது. 1990 பிப்ரவரியில் முவான்சா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி முவாலுசன்யா முன் வந்தது. அரசமைப்பில் 1984-இல் சேர்த்த உரிமைகள் பட்டியல் 1988 மார்ச்சில்தான் நீதிமன்றத்தில் செயலுக்கு வந்திருந்தது, நிலம் விற்ற ஐந்து மாதம் முன்னால். அதை வைத்து, பெண் விற்கக்கூடாது என்ற விதி செல்லாது என்றார்.

ஆனால் அவர் தீர்வு சொன்ன விதத்தைப் பாருங்கள். ஆண் ஒருவன் குல நிலத்தை உறவினரைக் கேட்காமல் வெளியாளுக்கு விற்றால் வழக்கம் என்ன சொன்னது? விற்பனை நிற்கும், குலத்தார் விலையைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். சரி, பெண்ணுக்கும் அதே விதி என்றார். அண்ணன் மகனுக்கு ஆறு மாதம் கெடு, 3,00,000 ஷில்லிங்கைக் கட்டினால் நிலம் அவனுக்கு, இல்லாவிட்டால் வாங்கியவருக்கு. குல நிலம் குலத்துக்குள் இருக்கட்டும் என்ற வழக்கத்தின் நோக்கமும் கெடவில்லை, ஹோலாரியாவின் பணமும் போகவில்லை. வழக்கத்தைத் தூக்கி எறியாமல், அதில் ஆணுக்கு இருந்த கதவைப் பெண்ணுக்கும் திறந்துவிட்ட தீர்ப்பு இது. இவ்வளவு எளிமையாக வேறு யாரும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

தென் ஆப்பிரிக்கா வேறு வழியில் போனது. 2004-இன் பே வழக்கு. கேப் டவுனின் கயலிட்சாவில் ஒரு தச்சர் 2002-இல் இறந்தார், கூட வாழ்ந்த பெண்ணும் இரண்டு சிறுமிகளும் குடிசையில். தூரத்து ஊரில் இருந்த அவருடைய அப்பா ஆண் வாரிசு என்ற முறையில் வந்து, இறுதிச் சடங்குச் செலவுக்காக அந்தச் சொத்தை விற்கப் போகிறேன் என்றார். கடமை கழன்று உரிமை மட்டும் தனியே வந்து நின்றதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டாம். அரசமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதி லங்கா அதைத்தான் சொன்னார்: வாரிசு இப்போதெல்லாம் அந்தக் குடும்பத்தோடு வாழ்வதே இல்லை, சொத்தை எடுத்துக்கொள்கிறான், பொறுப்பை எடுத்துக்கொள்வதில்லை. ஆண் மூத்தவருக்கே என்ற விதியை நீக்கி, எல்லோருக்குமான பொது வாரிசுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நீதிபதி இங்கோபோ மட்டும் தனித்து, வழக்கத்தை ஒழிக்காமல் பெண்ணும் வாரிசாகலாம் என்று வளர்த்தெடுத்தால் போதும் என்று எழுதினார். அந்த இரண்டு சிறுமிகளுக்கு உடனே நிழல் வேண்டும் என்பதால் பெரும்பான்மைத் தீர்ப்பு சரிதான். ஆனால் நீண்ட காலத்துக்கு இங்கோபோ சொன்னதில்தான் பலம் இருக்கிறது என்பது என் எண்ணம், ஏனென்றால் கிராமத்தில் மக்கள் பொதுச் சட்டத்தைக் கேட்டுப் போவதில்லை, ஊர்த்தலைவரைக் கேட்டுத்தான் போகிறார்கள்.

மேற்கே நைஜீரியாவிலும் 2014 ஏப்ரல் 11 அன்று, ஒரே நாளில், உச்ச நீதிமன்றம் இக்போ இனத்தாரின் இரண்டு வழக்குகளில் மகளுக்கும், ஆண் பிள்ளை இல்லாத விதவைக்கும் ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. அதை விரித்துப் போகவில்லை.

இப்போது இரண்டாம் கேள்வி: ஏன் மூடவில்லை? மூடினால் அந்தப் பெண்கள் போக இடம் ஏது? அரசு நீதிமன்றம் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது, மொழி ஆங்கிலம், வக்கீல் வைக்க வேண்டும், பல வருடம் ஆகும். ஊர் மன்றம் பக்கத்தில், தாய்மொழியில், பெரும்பாலும் வக்கீல் இல்லாமல், செலவும் குறைவு. அடுத்த வருடமும் அதே பங்காளிகளோடு அதே கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போகிறவருக்குச் சமாதானமாகத் தீர்வது பெரிய விஷயம். அரசு நீதிமன்றம் என்றாலே நியாயம் கிடைத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். தான்சானியாவில் சுகுமா இனத்தைச் சேர்ந்த இரண்டு விதவைகள், கணவர்கள் இறந்ததும் பிள்ளைகளோடு வெளியேற்றப்பட்டு, அந்த 1963 விதிகளை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். விதிகள் பாகுபாடானவை என்று நீதிமன்றம் 2006-இல் ஒப்புக்கொண்டது, ஆனால் நீக்க மறுத்தது. மேல்முறையீட்டை 2010-இல் தள்ளினார்கள், காரணம் கீழ் நீதிமன்றத் தாளில் தேதி தவறாக இருந்ததாம். கடைசியில் ஐ.நா.வின் பெண்களுக்கு எதிரான பாகுபாடு ஒழிப்புக் குழு 2015-இல் அவர்கள் பக்கம் முடிவு சொன்னது. கோட் போட்ட நீதிபதிகள் உட்கார்ந்த இடத்தில் நடந்தது இது.

அதனால் கிராமப் பெண்கள் கேட்பதும் மூடு என்று இல்லை. தென் ஆப்பிரிக்காவில் 2008-இல் பாரம்பரிய நீதிமன்ற மசோதா வந்தபோது ஊர்ப்புறப் பெண்கள் கடுமையாக எதிர்த்தார்கள், 2012-இல் மறுபடி கொண்டுவந்தபோதும் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது, மன்றத்தில் நேரே நின்று பேசும் உரிமை, மன்றத்தில் உட்காரும் உரிமை, பிடிக்காவிட்டால் அரசு நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை. தலைவர் கையில் எல்லாவற்றையும் கொடுக்காதே என்பதுதான் சண்டை.

மூன்றாவது, உள்ளேயிருந்து மாறியதா? மாறியிருக்கிறது. போட்ஸ்வானாவின் பலேடே இனத்துக்கு 2003-இல் மொசாடி செபோகோ பட்டத்துத் தலைவியானார், அந்த நாட்டிலேயே முதல் பெண். மொசாடி என்றால் அவர்கள் மொழியில் பெண் என்றே பொருள். பெண் வாய் திறக்கக்கூடாத கோட்லாவில் ஒரு பெண் தலைமை இடத்தில் உட்கார்ந்து வழக்குக் கேட்க ஆரம்பித்தார்.

இன்னும் ஆழமான மாற்றம் நமீபியாவின் வடக்கே, ஓவம்போ பகுதியில். அங்கே தாய்வழி. முன்பெல்லாம் கணவன் இறந்தால் அவனுடைய தாய்வழி உறவினர் வந்து நிலத்தையும் வீட்டையும் எடுத்துக்கொள்வார்கள், மனைவி பிறந்த ஊருக்குப் போக வேண்டும், இருக்க வேண்டும் என்றால் நிலத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும். தாய்வழி என்றாலே பெண்ணுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், சகோதரிக்கு நல்லதாக இருப்பது மனைவிக்குக் கெட்டதாக முடியும். நாடு 1990-இல் சுதந்திரம் பெற்றது. 1993 மே மாதம் ஓங்வெடிவா என்ற ஊரில் ஓவம்போ பகுதிகளின் பாரம்பரிய அதிகாரிகள் கூடி, இனி விதவையை நிலத்தைவிட்டு வெளியேற்றக்கூடாது, நிலத்துக்கு மறுபடி பணம் கேட்கக்கூடாது என்று தங்கள் வழக்கத்தைத் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். உக்வாம்பி பகுதியில் பெண்களையும் ஊர்த்தலைவர்களாக நியமித்தார்கள், மன்றத்தில் பெண்கள் வந்து பேசுவது பழக்கமானது. ஒன்பது வருடம் கழித்து, 2002-இல், நாடாளுமன்றம் சமுதாய நிலச் சட்டத்தில் அதையே எழுதியது: நிலம் வைத்திருந்தவர் இறந்தால், விதவை சம்மதித்தால் தலைவர் அதை அவருக்கே திரும்ப ஒதுக்க வேண்டும். நில வாரியங்களில் பெண்கள் நால்வர் கட்டாயம் என்றும் வைத்தார்கள். முதலில் ஊர் மாறியது, பின்னால் சட்டம் வந்தது. விதவைகளை வெளியேற்றுவது அங்கே பெரிதும் குறைந்ததற்கு இந்த வரிசைதான் காரணம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தலைவர் சொன்ன சொல் என்பதால் கொழுந்தனும் கேட்டான்.

ஆனால் 1993-இல் பேசி முடித்தது நிலத்தைப் பற்றி மட்டும். ஆடு, மாடு, ஏர், வீட்டுச் சாமான் எல்லாம் இன்னும் கணவனின் தாய்வழிக் குடும்பத்துக்குப் போகிற வழக்கம் அங்கே பல வீடுகளில் தொடர்கிறது. நிலம் அவர் பெயரில் இருக்கும், உழ மாடு இருக்காது. அங்கே அடுத்த பேச்சு மாட்டைப் பற்றித்தான் நடக்க வேண்டும், அதைப் பேசும் பெண்கள் இப்போது மன்றத்துக்குள் இருக்கிறார்கள்.